பால்கறைச் சட்டையை எங்கே வைத்தோம்?

மலேசியாவின் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் பள்ளி விழா மேடைகளிலும் மூன்று பெண்கள் அடுத்தடுத்து நிற்பார்கள். பாஜு கூரோங் உடுத்தியவர் மலாய்க்காரர், சியோங்சாம் அணிந்தவர் சீனர், பட்டுச்சேலையும் மல்லிகைச் சரமுமாக நிற்பவர் இந்தியர். பாலர் பள்ளியிலேயே இந்தப் படம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் பேராக் மாநிலத்தின் கதையை இந்தப் படத்தை வைத்து எழுத முடியாது. கிந்தா பள்ளத்தாக்கில் தண்ணீரில் குனிந்து நின்று தட்டில் ஈயம் அரித்த சீனப் பெண்ணுக்கு சியோங்சாம் உதவியிருக்காது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் விடியும் முன்னே மரத்தடிக்குப் போன தமிழ்ப் பெண்ணின் உடம்பில் பட்டு இருந்ததில்லை. ஒரு கைலி, அதன்மேல் வீட்டு ஆண்களில் யாரோ போட்டுப் பழசாக்கிய முழுக்கைச் சட்டை, நெற்றியை மறைத்து இறுக்கிக் கட்டிய தலைத்துண்டு, காலில் ரப்பர் சப்பாத்து: வாரத்தில் ஆறு நாள் அவள் உடுத்தியது இதைத்தான். நம்முடைய பாரம்பரிய உடை எது என்று மேடைகளில் பேசும்போது இந்த உடை கணக்கிலேயே வருவதில்லை. திருநாள் உடையை மரபு என்று பாதுகாத்தோம், வேலை உடையை அவமானம் என்று எரித்தோம். இந்த மறதி இன்று நம் பெண்பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையையும், நம் பக்கத்தில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளரைப் பார்க்கும் பார்வையையும் சேர்த்தே கெடுத்திருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் அந்த உடையைச் சரியாகப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தில் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். அதனால் இருட்டோடு பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, விடியும்போது நிரையில் நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் கித்தாக் காடு ஈரமாக இருக்கும், கொசு மொய்க்கும், புல்லில் அட்டை இருக்கும். முழுக்கை கொசுவுக்காக. தலைத்துண்டு பட்டையிலிருந்து சிதறும் தூளுக்கும் மேலிருந்து சொட்டும் பனிக்கும் பாலுக்கும். கைலியைத் தூக்கிச் செருகியது வேலிப்புதரைத் தாண்டவும் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கவும். இதை எந்தத் துரையும் சீருடையாகக் கொடுக்கவில்லை, எந்தத் தையற்கடையும் வெட்டித் தரவில்லை. வேலை என்ன கேட்கிறதோ அதற்கேற்ப, வீட்டில் கிடைத்த துணியைக் கொண்டு பெண்களே கண்டுபிடித்த உடை இது. பால் பட்ட துணி எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் வெளுக்காது. கறை காய்ந்து கறுத்துத் தடித்துப் போகும், நாற்றமும் போகாது. அதனால் காட்டுத்துணி தனியாகவே வீட்டுக்கு வெளியே கொடியில் தொங்கும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்தச் சட்டையின் பெறுமதி புரிய வேண்டுமானால், அதை அணிந்தவர்களின் பாட்டிமார் எந்த ஊர்களிலிருந்து கப்பலேறினார்கள் என்பதைச் சேர்த்து நினைக்க வேண்டும். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று வளர்ந்த மரமாக இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு என்று காவிரிக்கரையிலிருந்தும் வறண்ட சீமைகளிலிருந்தும் வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் உடை என்பது அவரவர் விருப்பமாக இருந்ததே இல்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டுக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1859 ஜூலையில்தான் அரசரின் ஆணை வந்தது. அதுகூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. அவற்றில் சில: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி தழைய விடக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, பெண்கள் உடம்பின் மேல்பாகத்தை ரவிக்கையாலோ துணியாலோ மறைக்கக் கூடாது, செருப்பும் குடையும் ஆகாது. அந்த ஆண்டில் மலாயாத் தோட்டங்களில் கங்காணிகள் கூட்டி வந்த தமிழர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள்.

இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் இருந்திருந்தால் சட்டை போட்டதற்காக அடி வாங்கியிருக்கக்கூடிய ஒரு குடும்பத்தின் மகள், பேராக்கில் ஒரு ரப்பர்க் காட்டில் கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை மூடிய சட்டையும் காலில் சப்பாத்துமாக நிற்கிறாள். யாரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை. இதனால் தோட்ட வாழ்க்கை விடுதலையின் வாழ்க்கை என்று நான் சொல்ல மாட்டேன். லயங்களில் சாதி கூடவே வந்து குடியேறியது என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஆனால் துணியின் வழியாக ஒரு பூட்டு திறந்தது என்பதை மறைக்கவும் கூடாது. அந்தச் சட்டையின் கறையைப் பார்த்துக் கூசியவர்கள், அது சட்டையாக இருக்கிறது என்ற செய்தியைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

ஒரு பூட்டு திறந்த இடத்தில் இன்னொன்று தொங்கியதும் உண்மைதான். தோட்டத்தில் யார் யார் என்பதைத் தூரத்திலிருந்தே உடை சொல்லிவிடும். முழங்கால்வரை கால்சட்டை, நீண்ட காலுறை, வெயில் தொப்பி என்றால் துரை. வெள்ளைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் என்றால் கிராணி. வேட்டிமேல் கோட்டும் தலைப்பாகையும் என்றால் கங்காணி. கறைத்துணி என்றால் தொழிலாளி. இந்த வரிசையை யாராவது மீறினால் நிர்வாகம் எவ்வளவு கலங்கியது என்பதற்கு 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வோடு நிற்கவில்லை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தொழிலாளர்கள் காந்தி குல்லா அணிந்து வேலைக்கு வந்ததும் அதை நிர்வாகங்கள் தடுத்ததும் மோதலுக்கு நெய் வார்த்தன. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், படையை இறக்கினார்கள், தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு முழ வெள்ளைத் துணியில் தைத்த குல்லாவுக்கு இத்தனை பயம் ஏன்? தலையில் எதை வைப்பது என்பதைத் தொழிலாளியே தீர்மானித்துவிட்டால், அடுத்து எதையெல்லாம் தீர்மானிப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது சிலாங்கூரில் நடந்தது என்றாலும், வரிசை பேராக்கிலும் அதேதான்.

அந்த ஆண்டின் கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். கப்பல் போக்குவரத்து நின்றது, துணி வருவதும் நின்றது. கோணிச் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வாழ்ந்த காலம் அது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் கோவணத்தோடு கல் உடைத்தார்கள். அதே ஆண்டுகளில், முற்றிலும் எதிரான ஒன்றும் நடந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள், காக்கிக் கால்சட்டையும் சட்டையும் தொப்பியும் அணிந்தார்கள். பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். கால்சட்டை போட்ட தமிழ்ப் பெண் என்றதும் தொலைக்காட்சியும் இணையமும் கெடுத்த இன்றைய பெண்ணை நினைப்பவர்கள், எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கியோடு அணிவகுத்தவர்களை நினைக்க வேண்டும். அந்தப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் மலேசிய மேலவையில் அமர்ந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியைகளுக்கு ஆண்களோடு சம ஊதியம் கேட்டுப் போராடிய சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். போர் முடிந்ததும் அவர்கள் சேலைக்குத் திரும்பினார்கள். காக்கி உடை அவர்களைத் தமிழரல்லாதவர் ஆக்கிவிடவில்லை. சேலை அவர்களை அடங்கியவர்கள் ஆக்கிவிடவும் இல்லை.

கைலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே பதறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் கட்டிய பாத்தேக் கைலி மலாய், ஜாவானியக் கைவண்ணம். நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. மலாய்க்கார ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கட்டும் கட்டம் போட்ட சாரோங்குக்குப் பெயர் காயின் பெலிக்காட். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. நம் நெசவாளர்களின் கட்டம் அவர்கள் இடுப்புக்கும், அவர்களின் மெழுகுச் சித்திரம் நம் இடுப்புக்கும் போய்ச் சேர்ந்து பல தலைமுறை ஆகிவிட்டது. மலாக்காச் செட்டிகள் இன்னும் பழைய சான்று: சைவ வழிபாட்டை விடாமல் காக்கும் அந்தச் சமூகத்தின் பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் அணிகிறார்கள். இன்று தமிழ் ஆசிரியைகள் பாஜு கூரோங்கில் பள்ளிக்குப் போவதும், மலாய்ப் பெண்கள் சேலைத்துணியை வாங்கிப் பாஜு தைத்துக்கொள்வதும் அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலின் தொடர்ச்சிதான்.

பிறகு எப்போது, ஏன் இந்த உடை மறைந்தது? 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் ரப்பரை அகற்றிவிட்டு எண்ணெய்ப்பனை வந்தது. குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு ஈப்போவின் புந்தோங்கிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சேர்ந்தன. பெண்பிள்ளைகள் ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்கும், இன்னும் தொலைவில் பினாங்கின் பாயான் லெப்பாசுக்கும் தொழிற்சாலை பஸ்ஸில் போனார்கள். தாய் இருட்டில் கைலியோடு போன அதே நேரத்தில், மகள் இருட்டில் சீருடையோடு பஸ்ஸுக்கு நின்றாள். மாதச் சம்பளம் கையில் வந்ததும் பஞ்சாபி சூட்டும் ஜீன்ஸும் வந்தன. பாவாடை தாவணி கோயிலுக்கும் மேடைக்கும் என்று ஒதுங்கியது. இதில் யாரும் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைக்குரியது இன்னொன்று. பட்டணத்துப் பள்ளியில் 'தோட்டத்துப் பிள்ளை' என்ற சொல் வசையாகப் புழங்கியது. அந்த வசையிலிருந்து பிள்ளைகளைக் காக்க, பெற்றவர்கள் செய்த முதல் காரியம் தோட்டத்தின் அடையாளங்களைக் கண்ணில் படாமல் செய்தது. உளியும் வாளியும் இரும்புக்காரனிடம் போயின. காட்டுத்துணி அடுப்பு பற்றவைக்க ஆயிற்று. கல்யாணப் பட்டு மட்டும் நாப்தலின் உருண்டைகளோடு பெட்டியில் தங்கியது. ஆகவே இன்று ஒரு பேத்தி தன் குடும்பத்தின் பழைய உடை எது என்று தேடினால், பெட்டியில் கிடைப்பது ஆண்டுக்கு இரண்டு நாள் உடுத்தியதுதான். மற்ற நாட்களுக்கான சான்று எதுவும் இல்லை. அந்த இரண்டு நாளை வைத்து முழு வாழ்க்கையைக் கற்பனை செய்யும்போதுதான், முன்னொரு காலத்தில் நம் பெண்கள் எல்லாரும் எப்போதும் சேலையில் இருந்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போனார்கள் என்ற தவறான வரலாறு பிறக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை இலேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நாம் இந்த நாட்டில் சிறுபான்மை. மொழி வீட்டுக்குள்ளேயே தேய்கிறது, பெயர்கள் மாறுகின்றன. சேலையும் வேட்டியும் ஒரு கூட்டத்தில் நம்மை நாமே கண்டுகொள்ளும் அடையாளங்கள். அவற்றையும் கேள்வி கேட்டால் மிஞ்சுவது என்ன என்கிறார்கள். சேலையை யாரும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் வாசலில் மஞ்சள் சேலைகளின் கூட்டத்தைப் பார்க்கிற எவருக்கும் அந்த உடையின் வலிமை தெரியும். ஆனால் அந்தச் சேலையும் மாறி மாறி வந்ததுதான். இன்று நாம் பாரம்பரியம் என்று கட்டும் ஆறு கெஜக் கணக்கும், முன்கொசுவமும், உள்பாவாடையும், உடம்போடு ஒட்டித் தைத்த ரவிக்கையும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. ரவிக்கையே இல்லாமல் கண்டாங்கி கட்டிய பாட்டிகளின் பேத்திகள் நாம். மாறிய ஒன்றை மாறாதது என்று நம்பிக் காக்கப் புகுந்தால், காக்கிற வேலை முழுவதும் பெண்களின் உடம்பின்மேல் வந்து விழுகிறது. ஆண்கள் அன்றாடம் வேட்டி கட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்காக எந்த மேடையிலும் எவரும் அழுததாகத் தெரியவில்லை.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதை 2017 ஜனவரியில் கண்டோம். தைப்பூசத்துக்கு 'ஒழுங்கற்ற' உடையில் வரும் பெண்கள்மேல் சாயம் தெளிப்போம் என்று முகநூலில் ஒரு குழு மிரட்டியது. போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. கோயிலுக்குக் கோயிலின் மரியாதை உண்டு, அதை நிர்வாகம் பணிவாகக் கேட்கலாம், பெரும்பாலோர் மதிப்பார்கள். சாயக்குப்பியை எடுப்பவன் கேட்பது அந்த மரியாதையை அல்ல. தன் கண்ணுக்குக் கீழ்ப்படிதலைக் கேட்கிறான். இந்த இடத்தில் நாம் மறந்த சட்டைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இராமநாதபுரத்தின் தடைகளில் பெண் உடம்பை மூடக் கூடாது என்றார்கள். இங்கே மூடியே ஆக வேண்டும் என்கிறார்கள். ஆணை எதிர்த்திசையில் போனாலும், ஆணையிடுகிற கை பெண்ணுடையது அல்ல. அரசு அலுவலகங்களும் இதற்கு விதிவிலக்கு அல்ல. 2023 தொடக்கத்தில் சிலாங்கூரில் சாலை விபத்தைப் பற்றிப் புகார் கொடுக்கப் போன ஒரு பெண்ணை, கால்சட்டை குட்டை என்று சொல்லிக் காவல் நிலையத்துக்குள் விட மறுத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. வேட்டிக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றம், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே வாசலில் நிறுத்தியது. தமிழ்நாடு சட்டமன்றம் உடனே சட்டம் இயற்றி அந்தத் தடையை நீக்கியது. வேட்டிக்காக அன்று நாம் எல்லாரும் கொதித்தோம், கொதித்தது சரி. அதே நியாயம் நம் வீட்டுப் பெண்ணின் ஜீன்ஸுக்கும் உண்டு.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது, அதில் வலி இருக்கிறது. கறைத்துணி எங்கள் வறுமையின் சின்னம், எங்களை அடக்கி வைத்ததன் சின்னம். அதிலிருந்து தப்பிக்கத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அதை மறுபடி எடுத்து மேடையில் காட்டி எங்களைச் சிறுமைப்படுத்துவானேன் என்று தோட்டத்தில் உழைத்தவர்களே கேட்பதுண்டு. அவர்கள் அந்தத் துணியை எரித்ததை நான் குறை சொல்லவில்லை. நாற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அதை எரிக்கும் உரிமை உண்டு. ஆனால் சிறுமை அந்தத் துணியில் இருந்ததா, அதைப் பார்த்தவர்களின் கண்ணில் இருந்ததா? சிங்கப்பூரில் கட்டடம் கட்டிய சம்சூய் பெண்களின் சிவப்புத் தலைத்துணியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லும் மண்ணும் சுமந்த ஏழைகளின் அடையாளம் அது. இன்று அந்த நாடு தன்னைக் கட்டியவர்களின் சின்னமாக அதைக் கொண்டாடுகிறது. ஈப்போ பழைய நகரில் ஹன் சின் பெட் சூ கட்டடமும் கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகமும் சுரங்கத் தொழிலின் வாழ்க்கையைக் கூச்சமில்லாமல் பார்வைக்கு வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகள் ஆசையாகப் போடும் ஜீன்ஸ் எங்கிருந்து வந்தது? 1873இல் லீவை ஸ்ட்ராசும் ஜேக்கப் டேவிசும் அமெரிக்க மேற்குப் பகுதியின் சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஆணியடித்துத் தைத்து உரிமம் பெற்ற முரட்டுக் கால்சட்டை அது. இன்னும் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. பால்மரம் வெட்டுகிறவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து 'அடிடாஸ் கம்போங்' என்ற பெயரில் மலையேறுகிறவர்களிடம் பிரபலமாகிவிட்டது. சேற்றிலும் பாறையிலும் வழுக்காது, விலையும் குறைவு என்று பட்டணத்துப் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள். நம் பாட்டிகளின் காலில் இருந்தவரை அது ஏழ்மை, இன்று புத்திசாலித்தனமான தேர்வு. இடையில் சப்பாத்து மாறவில்லை.

பழைய உடையை நினைவில் வைப்பது பழங்கதை பேசுவதற்காக மட்டும் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்த பெண்களில் பலர் தமிழர்கள். 2002இல் தெனகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து அந்தப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தோல் வெந்து, நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வடிய, முறையான பாதுகாப்பு உடை இல்லாமல் பாராகுவாட் நஞ்சைச் சுமந்தவர்களின் நிலை அதில் வெளிவந்தது. அரசு அந்த மருந்தைத் தடை செய்வதாக அறிவித்து, பிறகு தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரியில்தான் தடை நடைமுறைக்கு வந்தது. சேலைக் கடைகளின் வாசலில் நாம் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, தெளிப்புப் பெண்ணுக்குக் கையுறையும் முகமூடியும் கிடைத்ததா என்று கேட்பதில் செலவிட்டிருக்கலாம். வேலை உடையை உடை என்றே கருதாத ஒரு சமூகத்துக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. இன்று அதே காடுகளில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் நிற்கிறார்கள். முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துணி, காலில் அதே ரப்பர் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஈப்போ பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, நம்மில் சிலர் விலகி நடப்பதையும் மூக்கைச் சுளிப்பதையும் பார்க்க முடிகிறது. அது கிராணி நம்மைப் பார்த்த பார்வை. கொடியில் தொங்கிய அந்தக் காட்டுத்துணியை நாம் நினைவில் வைத்திருந்தால், அப்படிப் பார்க்க நமக்கு மனம் வந்திருக்காது.

செய்யக்கூடியது பெரிய காரியமும் இல்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரை இன்னும் சுமக்கின்றன, தோட்டம் போன பிறகும். ஆண்டுக்கு ஒரு முறை பாரம்பரிய உடை நாள் என்று பிள்ளைகளைப் பட்டில் அழைத்து வருகிறோம். அந்த நாளில் ஒரு பிள்ளையாவது பாட்டியின் காட்டு உடையில் வரட்டும், அந்த உடையின் ஒவ்வொரு துண்டும் எதற்காக என்று பாட்டியிடமே கேட்டுக்கொண்டு வந்து சொல்லட்டும். 1970களில் இளம் பெண்களாக நிரையில் நின்றவர்கள் இன்று எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். 1883இல் தொடங்கிய தைப்பிங்கின் பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே மூத்தது. அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்கு நம் சங்கங்கள் விண்ணப்பிக்கலாம். எங்காவது ஒரு வீட்டுக் கொட்டகையில், தகரப்பெட்டியின் அடியில், ஒரு சட்டை எரியாமல் தப்பியிருக்கக்கூடும். கிடைத்தால் அதோடு ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதி வைக்க வேண்டும்: உடுத்தியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டுகளில், அந்தச் சட்டை முதலில் யாருடையது. கறையோடு இருக்கட்டும், துவைத்துவிடாதீர்கள்.